குறுக்கே கீறிய தகடு

அந்தச் செவுத்துல சாயாதம்மா, துப்பட்டாவுல கறை ஒட்டிக்கும். மை. எத்தன தடவ சுண்ணாம்பு அடிச்சாலும் மேல வந்துடுது. இந்த ஸ்டூல்ல உக்காரு. ஆடும், ஆனா விழாது.

இடத்த நல்லாப் பாத்துக்கோ. இந்தச் சூளை ஏரியாவுல இப்படி மேலேருந்து வெளிச்சம் விழற ஷெட்டு வேற எங்கயும் கெடைக்காது. தரை எங்கப்பா போட்டது, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மெஷின நிறுத்தறதுக்கு. எனக்கு அந்தத் தொழில் ஒத்து வரல, மெஷினக் குடுத்துட்டு ஷெட்ட வாடகைக்கு விட்டேன். உன் உருளை மெஷின் என்ன கனம் இருந்தாலும் தரை தாங்கும். அந்த மூலையில அரிச்சிருக்கு பாரு, அது ஆசிட். முன்னாடி இங்க வாடகைக்கு இருந்தவன் அங்கதான் தொட்டி வெச்சிருந்தான். செப்புத் தகட்டுல மெழுகு பூசி, மேல ஊசியால கோடு இழுத்து, தொட்டியில முக்குவான். கோடு இருக்கற எடத்த மட்டும் ஆசிட் தின்னும். ஒனக்கு நான் சொல்லணுமா, நீயும் அதத்தானே படிச்சிருக்க.

பேரு ஷமீமா, ஊரு ஆம்பூர்னு சொன்ன. நல்லது. நான் அதெல்லாம் பாக்கற ஆளு இல்லம்மா. வாடகைக்குத்தானே விடறேன்.

ஒரே ஒரு கண்டிஷன் இருக்கு. என்கிட்ட ஒரு தகடு இருக்கு. அதுல என் பொண்ணு முகம் இருக்கு. அத ஒரே ஒரு காகிதத்துல எனக்கு எறக்கிக் குடுக்கணும். குடுத்துட்டின்னா ஷெட்டு உன்னுது, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஆனா தகட்டுல ஒரு கோளாறு இருக்கு. முழுசாக் கேட்டுட்டு முடியும் முடியாதுன்னு சொல்லு, அவசரப்படாத. காப்பி குடிப்ப இல்ல? குணவதி, ரெண்டு காப்பி கொண்டா. என் சம்சாரம். வருவா.

இங்க இருந்தவன் பேரு சிகாமணி. உன்ன மாதிரிதான், தகட்டுல கீறிப் படம் போடறவன். முன்னாடி புதுப்பேட்டையில ஒரு மாடியில இருந்தானாம். ஆசிட் நெடி தாங்காம அங்க வெரட்டிட்டாங்க. எந்த எடத்துல குடியிருக்கானோ அந்த எடத்தையே போடுவான், அது அவன் வழக்கம். புதுப்பேட்டையில இருந்தப்ப ஒடச்ச காரு, பம்பரு, கண்ணாடி இல்லாத கதவு. இங்க வந்ததும் எங்க சந்து, தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கற கொடம், எங்க கெணத்துச் செவுரு. கொடியில தொங்கற என் பனியனக் கூட விடலம்மா. ஓட்டப் பனியன். டெல்லியில எவன் வீட்டுச் செவுத்துலயோ என் ஓட்டப் பனியன் கண்ணாடி போட்டுத் தொங்குது. கேட்டா, வெளிச்சம் அதுமேல நல்லா விழுந்துச்சு ஓனர் சார்ங்கறான்.

குறை சொல்லக் கூடாது, மரியாதையான ஆளுதான். அப்பல்லாம் எனக்கும் அவனப் புடிச்சிருந்துச்சு. சாயங்காலத்துல இங்க வந்து உக்காருவேன். அவன் தகட்டுல மை தடவி, துணியால தொடச்சு, ஈரக் காகிதத்த மேல போட்டு, சக்கரத்தப் புடிச்சுச் சுத்துவான். காகிதத்த ஒரு மூலையில புடிச்சு மெல்ல உரிப்பான் பாரு, அந்த நேரத்துல நான் மூச்சு விட மாட்டேன். ஆயிரம் பத்திரிகை அடிச்சவன்தான் நானும். ஆனா அது வேற, இது வேற.

என் பொண்ணு இங்கதான் வந்து படிப்பா. பி.காம். காத்து வரும்னு ஜன்னல் பக்கமா உக்காந்துப்பா. பேரு தாட்சாயணி. சொல்லிட்டேன். பேரச் சொல்றதுல ஒண்ணும் தப்பில்ல, பேரு வேற, மூஞ்சி வேற. அவ கன்னத்துல கை வெச்சுக்கிட்டு புஸ்தகத்தப் பாக்காம வெளிய பாத்துக்கிட்டு இருந்தா. அத அவன் தகட்டுல போட்டுட்டான். நான் அப்பவே சொன்னேன், கன்னத்துல கை வெச்ச மாதிரி போடாதப்பா, வீட்டுக்கு ஆகாதுன்னு. கேக்கல. கைய எடுத்துட்டா முகம் வேற ஆயிடும் ஓனர் சார்னு சொன்னான்.

ஆனா படம் என்னமா வந்துச்சு தெரியுமா. எனக்கு ஒண்ணு சும்மாவே குடுத்தான். ஹால்ல மாட்டினேன். வர்றவங்க போறவங்க எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. அவளுக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு, சின்ன வயசுல எங்கப்பாவோட மெஷின் மூலையில இடிச்சுக்கிட்டது. படத்துல அது வலது பக்கம் இருக்கும், தகட்டுலேருந்து காகிதத்துல எறங்கறப்ப இடது வலதா மாறிடும் இல்ல. பொண்ணு பாக்க வந்த ஒரு அம்மா படத்தையும் பொண்ணையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, தழும்பு ஒண்ணா ரெண்டான்னு கேட்டாங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம். அந்தச் சம்பந்தம் அமையல, அது வேற கதை.

அமையாததுக்குக் காரணம் அப்புறம்தான் தெரிஞ்சுது. சிகாமணியோட உருளை மெஷினு அப்பப்ப இறுகிப் போகும். பட்டாளம் ஏரியாவுல ஒரு லேத் பட்டறையிலதான் அத செஞ்சது. இறுகினா அங்கேருந்து ஒருத்தன் ஸ்பானரோட வருவான். இருதயராஜு. வியாசர்பாடிப் பையன். நல்ல வேலைக்காரன், நானே சொல்லுவேன். வந்தான்னா நிமிஷத்துல சரி பண்ணிடுவான். அவ்வளவு நல்லா சரி பண்ற மெஷினு ஏன் மறுபடி மறுபடி இறுகுதுன்னு எனக்கு அப்ப ஒறைக்கல.

ஒரு நாள் அவனும் என் பொண்ணும் போய் ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. சாட்சிக் கையெழுத்து யாரு? சிகாமணி. என் ஷெட்டுல இருந்துக்கிட்டு, என் வீட்டுக் காப்பியக் குடிச்சுக்கிட்டு.

நான் ஜாதி பாக்கற ஆளு இல்லம்மா. சத்தியமா இல்ல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லியிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் அவ இஷ்டம். அந்த மரியாதை கூட இல்லன்னா பெத்தவன் எதுக்கு?

சரி, கோவம் வந்துச்சு. வராதா? வீட்டுல இருந்த அவ போட்டோ எல்லாத்தையும் அள்ளினேன். காது குத்தினது, பள்ளிக்கூட குரூப் போட்டோ, ஆல்பம் ஆல்பமா. முற்றத்துல ட்ரம்முல போட்டுக் கொளுத்தினேன். குரூப் போட்டோவுல மத்தப் புள்ளைங்களும் இருந்துச்சுங்க, என்ன பண்றது. ஹால்ல மாட்டியிருந்த, சிகாமணி போட்ட படத்தையும் கண்ணாடிய ஒடச்சு எடுத்துக் கிழிச்சேன். கெட்டிக் காகிதம், லேசுல கிழியல. அப்புறம் ஒரு தட்டுல கற்பூரத்தக் கொளுத்தி வெச்சு, சிகாமணி பாக்கறான், சந்தே பாக்குது, கையால அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணேன். இனிமே என் ஆயுசுக்கும் அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு. உள்ளங்கை கொப்புளிச்சுப் போச்சு.

குணவதி அழக்கூட இல்ல. கைக்கு மருந்து போட்டுவிட்டா. பொம்பளைங்க சீக்கிரம் மறந்துடறாங்கம்மா, அது ஒரு வரம். இப்பல்லாம் அவளுக்கு பக்தி அதிகம். வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா திருமுல்லைவாயல் பச்சையம்மன். மழை கொட்டினாலும் ரயில் ஏறிப் போயிடுவா. டப்பா நெறைய முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டுப் போவா, பருப்புப் பொடி அரைச்சு எடுத்துக்கிட்டுப் போவா. கோயில்ல வர்றவங்களுக்குக் குடுப்பாளாம். சாயங்காலம் திரும்பி வர்றப்ப மூஞ்சி அப்படித் தெளிவா இருக்கும். நம்மளுக்கு அந்தக் குடுப்பினை இல்ல.

சிகாமணியக் காலி பண்ணச் சொல்லிட்டேன். மெஷினக் கழட்டறதுக்கு யாரு வந்தான்னு நெனைக்கற? அந்த இருதயராஜுதான். மாமனார் வீடுன்னு வரல, ஸ்பானரத் தூக்கிக்கிட்டு வேலைக்கு வர்ற மாதிரியே வந்தான். போகும்போது இந்த எடத்தப் பெருக்கிக் கூட்டி விட்டுட்டுப் போனான். நான் உள்ள கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். வருஷம் ஓடிப்போச்சு. எத்தன பிள்ளைங்கன்னு யாராவது கேட்டா, ஒரு பையன், பெங்களூர்ல இருக்கான்னு சொல்லுவேன். நாக்கு தடுக்காது.

அப்புறம் ஒரு நாள் காலையில ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கேன். ஏதோ ஞாபகம், அவ முகத்த நெனச்சுப் பாக்கறேன். வரல. புருவத் தழும்பு வருது. ஜடை வருது. கண்ணு தனியா வருது, கண்ணப் புடிச்சா வாய் போயிடுது. ஒண்ணா சேரவே மாட்டேங்குது. கண்ண மூடிக்கிட்டு எப்படி எப்படியோ நெனச்சுப் பாக்கறேன், எவளோ ஒருத்தி மூஞ்சி வருது. பயந்து போயிட்டேன்மா. அந்த சோப்பு நுரையோட அப்படியே அழுதேன். சத்தியம் பண்ணா பாக்காமதான் இருக்கணும், நெனைக்கக்கூட முடியாதுன்னா அது என்ன நியாயம்?

வீட்டுல தேடினா ஒரு போட்டோ இல்ல. கொளுத்தறப்ப ஒழுங்காத்தான் கொளுத்தியிருக்கேன். அப்பத்தான் சிகாமணி போட்ட படம் ஞாபகத்துக்கு வந்துச்சு. யோசிச்சுப் பாத்தேன். போட்டோ பாக்கக் கூடாது, அது அவ மூஞ்சியே. ஆனா இது அப்படி இல்ல. இதுல எல்லாம் எடம் மாறி விழுது. தழும்பு வலது பக்கம் இருக்கு. அவளுக்கு வலது பக்கம் தழும்பே கெடையாது. அப்ப அது அவ மூஞ்சி இல்ல, வெறும் மை. அதப் பாத்தா சத்தியம் மீறினதாகுமா? எங்க கோயில் குருக்கள்கிட்ட கேட்டேன். அவரு, உங்க மனசுக்கு எப்படிப் படுதோ அப்படின்னுட்டாரு. மீறினதாகாதுன்னுதான் என் மனசுக்குப் பட்டுச்சு.

சிகாமணி இருக்கற எடத்த விசாரிச்சுக்கிட்டுப் போனேன். கொளத்தூர்ல மாவு மில்லுக்கு மேல மாடி. கீழ மில்லு ஓடினா மேல தகடெல்லாம் கடகடங்குது. அங்கயும் அதே வழக்கம்தான், மாவு அப்பின தலையோட மில்லுக்காரன், மூட்டை மேல தூங்கற பூனை. உக்காருங்க ஓனர் சார்னான். பழச ஒண்ணும் பேசல. நான் விஷயத்தச் சொன்னேன். கன்னத்துல கை வெச்ச அந்தப் படம் ஒண்ணே ஒண்ணு வேணும்.

இல்ல சார்னான். அடிக்கிறேன்னு சொன்ன எண்ணிக்கை அடிச்சு முடிச்சாச்சு, எல்லாம் போயிடுச்சுன்னான். சரி, தகடு இருக்கில்ல, இன்னொண்ணு அடின்னேன். அவன் எழுந்து போய் துணியில சுத்தி வெச்சிருந்த தகட்ட எடுத்துக்கிட்டு வந்து குடுத்தான்.

நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதேம்மா. தகட்டத் திருப்பி வெளிச்சத்துல புடிக்கறேன், என் பொண்ணு முகத்துமேல மூலைக்கு மூலை ரெண்டு கோடு. ஆழமா, ஆணியால இழுத்த மாதிரி. ஒண்ணு நெத்தியில ஆரம்பிச்சு கண்ணு வழியா போகுது. இன்னொண்ணு வாயக் கிழிச்சுக்கிட்டுப் போகுது.

அடப்பாவி, பெத்த பொண்ணு மாதிரி இங்க வந்து உக்காந்திருந்த புள்ள, அது மூஞ்சியக் கிழிக்க ஒனக்கு எப்படிடா மனசு வந்துச்சுன்னு கேட்டேன். அவன் நிதானமா சொல்றான், அது எங்க தொழில்ல செய்யறதுதான் சார், இத்தனைதான் அடிப்பேன்னு வாங்கறவங்களுக்கு வாக்குக் குடுக்கறோம், அந்த வாக்குக்காக தகட்டக் கீறி வெச்சுடறது, ஆசைப்பட்டாலும் மறுபடி அடிக்க முடியாதுன்னு. நீங்க கற்பூரத்த அடிச்சீங்க, நான் தகட்டக் கீறினேன்ங்கறான். பாரும்மா, எதையும் எதையும் சேக்கறான். நான் பண்ணது என் வீட்டு விஷயம். என் போட்டோ, என் கண்ணாடி, என் பொண்ணு. இவன் யாரு கீறறதுக்கு?

கோட்ட சரி பண்ணிக் குடுன்னேன். வாங்கினவங்களுக்கு துரோகம், கை வெக்க மாட்டேன்னுட்டான். வேணும்னா கோட்டோட ஒண்ணு அடிச்சுத் தரேன்னான். அத நான் எங்க மாட்டறது?

அப்புறம் சொன்னான், எனக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தேன் சார், அத தாட்சா கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன், அம்பத்தூர்ல அவ வீட்டு ஹால்ல மாட்டியிருக்கா, போய்ப் பாருங்க, கதவத் தட்டினாப் போதும்னு. தட்டினா யாருடா தெறப்பான்னு கேட்டேன். அவதான் தெறப்பான்னான். அதுதானே கஷ்டம். படத்தப் பாக்கப் போயி அவ மூஞ்சிலதானே முழிக்கணும். இதக்கூட யோசிக்காம யோசனை சொல்றான்.

அம்பத்தூருங்கறது திருமுல்லைவாயலுக்கு முந்தின ஸ்டேஷன். குணவதி போற ரயிலு அங்க நின்னுதான் போகுது. நின்னா என்ன, அவ எறங்க மாட்டா. என் பேச்சத் தட்ட மாட்டா, அது எனக்குத் தெரியும்.

கடைசியா, தகட்ட நீங்களே வெச்சுக்கங்க சார்னு பேப்பர்ல சுத்திக் குடுத்துட்டான். இதோ இருக்கு. இந்தா, நீயே பாரு. வெளிச்சத்துக்குக் காட்டு. எண்ணெய் போட்டுத் தொடச்சுதான் வெச்சிருக்கேன், களிம்பு ஏறல.

என்னம்மா, இவ்வளவு நேரம் பாக்கற. நகத்தால தடவிப் பாத்தா தெரியுமா ஆழம்? சொல்லு, சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு.

சொரண்டலாமா? சொரண்டிட்டு, பின்னாலேருந்து தட்டி, தேச்சு வழவழப்பாக்கிடலாம். சரி. நல்லது. அவன் முடியாதுன்னதெல்லாம் சும்மா. என்ன? சொரண்டினா இந்தக் கோடு மட்டும் போகாதா? பக்கத்துல இருக்கறதும் போயிடுமா? கண்ணும் வாயுமா? ஓ.

சரி, அத நீ வரைஞ்சுடு. வரையத் தெரியும் இல்ல? எதப் பாத்து வரையறதுன்னு கேக்கறியா? நான் சொல்றேன், நான் சொல்லச் சொல்ல வரை. கண்ணு வந்து... நல்ல கண்ணும்மா. பெருசும் இல்ல, சின்னதும் இல்ல. வாய்... சிரிச்சா ஒரு பக்கமா... எந்தப் பக்கம்? இரு, சொல்றேன். இரு.

அம்பத்தூருக்கு நீ போறியா? படத்த போட்டோ எடுத்துக்கிட்டு வர்றேன்ங்கறியா? நீ போனா எனக்கென்ன, நான் சத்தியம் பண்ணது எனக்குத்தான். ஆனா வீடு எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாதே. சிகாமணிகிட்டதான் போய் நிக்கணும்.

வா குணவதி. அங்க வை. சக்கரை கம்மியாத்தானே போட்ட?

என்ன?

என்னன்னு கேக்கறேன் இல்ல. அவ எதுக்கு அம்பத்தூர் போக வேணாங்கற? உன் போன்லயா? எந்தப் படம்? அம்பத்தூர்ல செவுத்துல மாட்டினபடியே இருக்கா? உனக்கு யாரு அனுப்பினா? நீயே எடுத்ததா.

நீயே எடுத்த.

இரும்மா ஷமீமா, நீ எழுந்திருக்காத. இது எங்களுக்குள்ள. காப்பியக் குடி, ஆறுது. குணவதி, கோயில்னு சொல்லிட்டு... வேணாம். அத அப்புறம் பேசிக்கறேன். மூணாம் மனுஷி இருக்கறப்ப வேணாம். எத்தன வருஷமா? வேணாம், சொல்லாத.

சரி, காட்டு. அந்தப் பொண்ணுகிட்ட காட்டு, அவதானே வரையணும். என்ன தயங்கற? வீடியோவா? படத்துக்கு முன்னால அவளும் நிக்கறாளா? அவ இல்லாம எடுக்கறதுக்கு என்ன? சரி, எனக்குக் காட்டாத. திருப்பாத, இந்தப் பக்கம் திருப்பாத. நான் செவுத்தப் பாத்து உக்காந்துக்கறேன். நீ ஸ்டூல அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கம்மா. நல்லாப் பாத்துக்கோ, கண்ணயும் வாயையும் நல்லா மனசுல வாங்கிக்கோ. நான் திரும்ப மாட்டேன்.

தெரியுதா படம்? மேல கண்ணாடி போட்டிருக்கா? கன்னத்துல கை இருக்கில்ல. ம். அவ... அந்தப் பக்கத்துல நிக்கறவ. எளச்சிருக்காளா? நீங்களே திரும்பிப் பாருங்கன்னு சொல்றது ஈசி. நீ எவ்வளவு சின்னப் பொண்ணு, ஒனக்கு என்ன தெரியும். ஊரே பாக்க அடிச்ச கற்பூரம்மா அது.

குணவதி, சத்தத்த ஏன் வெச்ச?

கொஞ்சம் இரு. யாரும் பேசாதீங்க.

"அம்மா, எடுக்காதம்மா, தலகூட வாரல." அதானே சொன்னா? தல வாரலங்கறா. எப்பவுமே அப்படித்தான், பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிடும், வாரவே மாட்டா. அப்புறம் என்னவோ சொல்றா, நடுவுல ஒரு கொழந்த கத்துது, ஒண்ணும் புரியல. யாரு கொழந்த அது? வேணாம், சொல்லாத.

நிறுத்திட்டியா?

ஷமீமா, நீ சொல்லும்மா குணவதிகிட்ட, நான் சொன்னா அழறா. நான் சத்தியம் பண்ணது மூஞ்சியத்தான். கொரலப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லல. இந்தச் சந்துல யார வேணாலும் கேட்டுப் பாரு. நான் இப்படியே செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், திரும்பல. இன்னொரு தடவ போடச் சொல்லு.